புளித்த மோர்

கடலூரைப் புயல்வெள்ளம் சூழ்ந்ததும், சேலத்திலிருந்த வசுமதி மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் தையல்நாயகி அக்காவை விசாரித்தாள். "நலம். அன்புக்கு நன்றி" என்று உடனே பதில் வந்தது. வசுமதி அதை நம்பவில்லை. அக்காவின் போனில் அவளுக்காகத் தானே பதில் எழுதும் 'பதிலாள்' செயலி, ஆளே இல்லாமல் போனாலும் அப்படித்தான் சொல்லும். நேரில் பார்த்தேயிராத ஒருத்திக்காக இவ்வளவு தவிப்போம் என்று அவள் நினைத்ததில்லை. அக்கா எதற்குச் சண்டைக்கு வருவாள் என்பது மட்டும் தெரியும். எழுதினாள்: "கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது வீண்வேலை."

"நல்ல கருத்து" என்றது பதிலாள்.

வசுமதி போனைக் கீழே வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து, மழை இரைச்சலோடு அக்காவின் குரலே வந்தது.

"எவடி சொன்னா? வீடு முழுகி, மொட்டைமாடியில அந்தச் செடியத்தான் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். படகு வந்துடுச்சு, கரையேறுனதும் உன்ன வச்சிக்கிறேன்!"

"இன்னும் திட்டுங்கக்கா" என்றாள் வசுமதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.