அசிங்கக்குட்டி

சந்தமாலி அக்காவின் படத்துக்குக் கீழேயே சீட்டுக் கச்சேரி களைகட்டியிருந்தது.

சாவு வீட்டில் லாவோஸ்காரர்கள் நாங்கள் அழமாட்டோம். அழுதால் போகிறவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். அதனால் சீட்டு, சாப்பாடு, செத்தவரைப் பற்றிக் கொஞ்சம் வம்பு.

அக்காவைப் பற்றி வம்புக்கா பஞ்சம்!

மினியாபோலிஸில் ஒரு ஆஸ்பத்திரி. அதன் பிரசவ வார்டில் அக்காவும் நானும் சேர்ந்து தரை துடைத்தோம். லாவோஸை விட்டு வந்த நாளாக அக்காவுக்கு அந்த ஒரே வேலைதான். கை மாப்பில் இருந்தாலும் கண் தொட்டிலில்தான் இருக்கும். எந்தக் குழந்தை பிறந்தாலும் எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, அரைகுறை இங்கிலீஷில் சத்தமாக அடித்துவிடுவாள்.

"அய்யே, என்ன அசிங்கம்! தவளைக்குட்டி!"

எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். பச்சைப்பிள்ளையை அழகு என்று சொன்னால் பேய் காதில் விழும், ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடும். அசிங்கம் என்றால் சீ என்று விட்டுவிடும். அமெரிக்காக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பெற்றுப் போட்ட களைப்பிலும் எழுந்து உட்கார்ந்து சண்டைக்கு வந்தாள்.

சூப்பர்வைசர் கர்ட் கூப்பிட்டுவிட்டார். அழகு என்று சொல், இல்லையென்றால் வாயை மூடு, இன்னொரு புகார் வந்தால் வேலை காலி.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பதிலாக மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்துக் காட்டினாள். அதற்கும் புகார் வந்தது.

நல்லவேளை, அந்த வாரமே கர்ட்டின் மனைவிக்கு அங்கேயே பிரசவம். பேய் விவகாரத்தை நான் அவர் காதில் போட்டு வைத்திருந்தேன். மனுஷன் எதையும் நம்பாத ஆள். ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மாப்பு அலசுகிற இடத்துக்கே வந்து நின்றார்.

"சொல்லு, சந்தமாலி. நல்லா சத்தமா சொல்லு."

அக்கா ஆசை தீரச் சொன்னாள். வேலை பிழைத்தது.

அதே கர்ட்தான் இன்று சம்மணம் போட வராமல் காலை நீட்டிக்கொண்டு சீட்டில் தோற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பிள்ளை, இப்போது தாடியும் மீசையுமாக. இன்னும் இப்படி நிறையப் பேர் வந்திருந்தார்கள். அக்காவிடம் யார் அதிகம் திட்டு வாங்கியது என்று போட்டி. ஒருத்தன் பன்னிக்குட்டி. ஒருத்தி வெந்த கிழங்கு. கிழங்குக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

அப்போது ஒரு வெள்ளைக்கார அம்மாள் பூங்கொத்தோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். பேப்பரில் அக்காவின் படத்தைப் பார்த்து வந்தாராம். இடம் கொடுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"உங்க பிள்ளைய என்னன்னு திட்டினாங்க?" என்றான் கர்ட்டின் மகன்.

"திட்டலையே. அழகுன்னுதான் சொன்னாங்க. மடியில வச்சுக்கிட்டு, என்ன அழகு, என்ன அழகுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

"சான்ஸே இல்ல!" என்று இளசுகள் கூச்சல் போட்டார்கள்.

எங்கள் பெரியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். நானும் என் சீட்டைக் கீழே வைத்தேன்.

அம்மாளின் முகம் வாடிவிட்டது. என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"என் பொண்ணு பிறக்கும்போதே மூச்சு இல்லைங்க. என் வீட்டுக்காரர்கூட அவ முகத்தைப் பார்க்கல. இவங்க ஒருத்தர்தான் பார்த்தாங்க. சும்மா என்னைத் தேத்தறதுக்குச் சொன்னதா அது?"

அந்தப் பிள்ளையிடம் வந்து தூக்கிக்கொண்டு போக எந்தப் பேய்க்கும் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அக்கா யாருக்கும் பயப்படாமல் வாயைத் திறந்திருக்கிறாள்.

"அம்மா, குழந்தைங்க விஷயத்துல அக்கா சொன்னது பூராவும் பொய். இதோ உட்கார்ந்திருக்கே இத்தனையும், எல்லாம் அவ பொய் கேட்டு வளர்ந்ததுங்க," என்றேன். "உங்க பொண்ணைப் பத்தி மட்டும்தான் உள்ளதைச் சொல்லியிருக்கா."