காற்றின் எதிரே நின்ற அடுப்பு

அன்று மலைக்குடிலில் இருந்தவர்கள் மூவர்: கெட்டில், கேஸ் அடுப்பு, சுள்ளி அடுப்பு. சிகரத்தில் தேநீர் காய்ச்சத் தன்னோடு எந்த அடுப்பு வருவது என்று கெட்டில் புறப்படுமுன் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

"என்னோடு வாருங்கள் அக்கா, உங்கள் முகத்தில் கரி ஒட்டாது" என்று கேஸ் அடுப்பு தன் நீலச் சுடரை ஏற்றிக் காட்டியது. பளபளப்பிலேயே உயிரை வைத்திருந்த கெட்டிலுக்கு அச்சொல் தேனாய் இனித்தது.

அவ்வேளை கதவைத் தள்ளிக்கொண்டு காற்று புகுந்தது. நீலச் சுடர் அணைந்தது.

"யாராவது கதவைச் சாத்துங்கள்" என்று கேஸ் அடுப்பு முனகியது.

"சாத்துவானேன் தம்பி? எனக்குக் காற்றுதான் சோறு" என்ற சுள்ளி அடுப்பு, வெளியே போய்க் காற்றின் எதிரே நின்றது. அணைக்க வந்த அதே காற்று அதன் வயிற்றில் கனன்றுகொண்டிருந்த சுள்ளிகளுக்குள் புகுந்து செந்தழலை ஆளுயரம் எழுப்பியது. சுற்றியிருந்த பாறைகளெல்லாம் சிவந்தன.

கெட்டில் மூச்சுவிட மறந்து பார்த்தது.

"கரி பிடிக்கும் அக்கா" என்றது கேஸ் அடுப்பு.

கெட்டில் வெளியே, சுள்ளி அடுப்பை நோக்கி நடந்தது.