மோட்டார் அறையில் எரிந்த டெஸ்டர்

கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் எட்டாத வயலில், கிணற்றடி மோட்டார் அறைக்குள் மூன்று பேர் நிற்கிறார்கள்: ஓய்வுபெற்ற தாசில்தார் காந்திமதிநாதன், அவர் தம்பி சங்கரலிங்கத்தின் மனைவி சுகிர்தா, வயர்மேன் இசக்கிமுருகன். இயற்பியல் ஆசிரியரான சங்கரலிங்கம் போன வாரம் இந்த மோட்டாரைத் தொட்டுத்தான் இறந்தான். ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயிலில் ஈரத்தரை மினுங்குகிறது. அவனுடைய செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. இசக்கிமுருகன் சுவிட்சைப் போட்டுவிட்டு, மோட்டாரின் இரும்பு உடம்பில் டெஸ்டரைப் பைய வைக்கிறான். டெஸ்டருக்குள் சிவப்பாக ஒரு பொட்டு எரிகிறது. “கரண்டு பாடிக்கு எறங்கியிருக்கு அண்ணாச்சி. எர்த்து வயர் அத்துக் கெடக்கு. மண்ணுக்குப் போகவேண்டியது சார் ஒடம்பு வழியால்லா போயிருக்கு.” சுகிர்தா செருப்பையே பார்க்கிறாள். “இதத்தான் ஒங்க தம்பி வருசா வருசம் போர்டுல வரைஞ்சு காட்டுவாவ, அத்தான்.” காந்திமதிநாதன் தோள்துண்டைச் சரிசெய்து நிமிர்ந்து நிற்கிறார். இந்தச் சின்ன வெளிச்சத்தை ஊரில் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? டெஸ்டரை எடுத்ததும் அது அணைகிறது. மின்சாரம் சொல்லிக்கொடுப்பவன் தெரியாமலா தொடுவான், சாகவேண்டும் என்றே தொட்டான் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். அவன் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தான். எர்த்து வயர் அறுந்திருந்தது.