டாக்டரம்மாவின் லைசென்ஸ்

“உங்க ஊர் லைசென்ஸ் இங்க செல்லாதும்மா. ஓட்டிக் காட்டினாத்தான் நம்மூர் லைசென்ஸ்” என்றார் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர்.

டென்மார்க்கிலிருந்து வந்து, ஜவ்வாது மலையில் மூன்று வருஷமாக வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹெல்கா ஜீப்பில் ஏறினார். ஆஸ்பத்திரி டிரைவர் வேடியப்பன் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டான். டாக்டரின் ஊரில் வண்டியெல்லாம் சாலையின் வலப்பக்கம்தான் போகுமாம். ஒரு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, “லெஃப்ட்டுங்கம்மா, லெஃப்ட்டு!” என்று கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

இன்ஸ்பெக்டரோடு சந்தைத் தெருவைச் சுற்றிவிட்டு ஜீப் ஆபீஸ் வாசலுக்குத் திரும்பி வந்தது. இடப்பக்கமாகவே வந்தது. வேடியப்பன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

“பாஸ்!” என்று இறங்கினார் இன்ஸ்பெக்டர். “மாட்டு வண்டிக்கு ஒதுங்கின அழகு ஒண்ணே போதும். யாரும்மா கத்துக் குடுத்தது?”

“எங்க வேடியப்பன்தான்” என்றார் டாக்டர் பெருமையாக.

இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார். “கைகாரன்தான்யா நீ. எத்தினி வருசமா ஓட்டுற?”

“பன்னெண்டு வருசங்க.”

“உன் லைசென்ஸைக் காட்டு, பாக்கலாம்.”

வேடியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“மலைமேல யாரும் கேட்டதில்லீங்க சார். அதனால எடுக்கவே இல்லீங்க.”

இன்ஸ்பெக்டர் முறைக்கத்தான் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. வாசலில் கிடந்த மேஜையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினார். “மொதல்ல இத எழுதிக் குடு. லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.”

“அப்போ இப்ப வூட்டுக்கு எப்டிங்க போறது?”

டாக்டர் சாவியை விரலில் சுழற்றினார்.

“ஏறுங்க வேடியப்பன். இன்னைக்கு உங்களுக்கு நான்தான் டிரைவர்.”