பதினோராவது வீடு

அமாவாசை மதியம். பத்து வீடுகளில் தின்றுவிட்டுப் பதினோராவது வீட்டு மொட்டைமாடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது ஒரு காகம். சோறும் வடையும் தொண்டை வரைக்கும் நின்றன.

எதிரே இலைத்துண்டில் இன்னும் சோறு. படிக்கட்டு நிழலில் தண்டபாணி நின்றிருந்தார். அப்பாவுக்குப் படைத்ததைக் காகம் தொடாமல் அவர் சாப்பிடமாட்டார். சுகர் மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாகிவிட்டது. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வாய் கொத்தேன், பாவம் மனுஷன்" என்றது தண்ணீர்த் தொட்டி மேலிருந்த அணில்.

"கூட்டத்தைக் கூப்பிட்டு, ஒண்ணாவது வராம நான் வாய் வைக்கமாட்டேன். எங்கம்மா பழக்கினது."

காகம் கரைந்தது. யாரும் வரவில்லை. மற்ற காகங்களெல்லாம் வயிறு புடைக்க வேப்பமரத்தில் கண்மூடிக் கிடந்தன.

"அப்ப அவரையாவது சாப்பிடச் சொல்லேன்."

"அவரையும் யாரோ பழக்கியிருக்காங்களே" என்றது காகம் அலுப்போடு. "பசி அவருக்கு. சாப்பிட வேண்டியது நான்."

மறுபடி கரைந்தது. மறுபடி ஒருவரும் இல்லை.

தண்டபாணியால் நிற்க முடியவில்லை. சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து, வறண்ட வாயால், "கா... கா..." என்று கூப்பிட்டார்.

காகம் அவர் பக்கம் திரும்பியது.

"ஒருத்தர் வந்தாச்சு" என்றது.

"அவர் காக்கா இல்லையே!"

"கூப்பிட்டதுக்குப் பதில் கொடுத்தது அவர் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கி, விழுங்க முடியாமல் ஒரு பருக்கையை விழுங்கியது.