பழைய பாஸ்வேர்டே போதும்

"உள்ள வாங்க சார், இந்த ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றார் நெட்காரர். தம்பி வாசல் நிலையைத் தாண்டாமல், விலாசம் தேடி வந்தவன் மாதிரி அக்காவின் வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு இந்த வீட்டுல என்ன தெரியும்? விருந்தாளி" என்றாள் அக்கா. நெட்காரரிடம் சொல்வதுபோல் சொன்னாலும், அது யாருக்கு என்பது ஏணிக்குக்கூடத் தெரிந்திருக்கும். தம்பி வந்து ஏணியைப் பிடித்தான்.

அக்காவுக்கு இப்போது ஆபீஸ் வேலை வீட்டிலிருந்தேதான். நெட் பெட்டி இருப்பதோ அம்மா படுத்திருந்த பின்னறையில். அம்மா பாட்டுக் கேட்கட்டும் என்று அங்கே வைத்தது. நடுவில் தடித்தடியாக இரண்டு சுவர். ஹாலில் உட்கார்ந்தால், மீட்டிங்கில் அவள் முகம் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிடுகிறது.

பின்னறையில் போய் உட்காரலாம்தான். அம்மா போனபிறகு அவளால் அங்கே கொஞ்ச நேரம்கூட இருக்க முடியவில்லை. அதனால் பின்னறையிலிருந்து ஒயர் இழுத்து, ஹால் கூரையில் நெட்டைப் பரப்ப ஒரு ஆக்சஸ் பாயின்ட். பார்த்தால் கவிழ்த்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

தம்பி வந்தது வேறு காரியத்துக்கு. அம்மாவின் மூக்குக்கண்ணாடி வேண்டுமாம். போனில் கேட்டவனை, "நேர்ல வந்து கேளு" என்றிருந்தாள். கண்ணாடியைக் கொடுப்பது அவளுக்குப் பெரிதில்லை. அதற்குமுன் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தாக வேண்டும்.

அம்மா தம்பியின் வீட்டில் இருந்தபோதுதான் மாடிப்படியில் விழுந்தாள். கையோடு அம்மாவை இங்கே கூட்டிவந்த அக்கா, "இனிமே என் வாசப்படியை மிதிச்சே, நடக்கிறதே வேற" என்று சொல்லிவிட்டாள். அவனும் மிதிக்கவில்லை. ஒரு தடவையாவது மீறிக்கொண்டு வந்து நிற்பான் என்று அவள் எதிர்பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. வராத வயிற்றெரிச்சலைத்தான் ஊரெல்லாம் சொன்னாள்.

கண்ணாடியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள்.

"வேலைக்கும் போய்க்கிட்டு ஒத்தை ஆளா பார்த்தேன்டா. தினமும் காலையில நான் கிளம்பறதுக்குள்ள தலை வாரிவிடச் சொல்வாங்க. நல்ல உடுப்பா எடுத்துக் கொடுன்னுவாங்க. கைத்தடியோட வீட்டுக்குள்ளயே சுத்தறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு அலங்காரம்னு கேட்டா, சிரிப்பாங்க. அப்படி ஒரு சுத்தம், கடைசிவரைக்கும். உனக்குத் தெரியுமா இதெல்லாம்?"

தம்பி ஏணிக் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"நெட்டோட பேரு, பாஸ்வேர்ட் ரெண்டும் பழசையே போட்டுடறேன் மேடம்" என்றார் நெட்காரர் மேலிருந்து. "ஏற்கெனவே உங்க நெட்ல இருந்த போனெல்லாம் கேக்காமலே தானா ஏறிக்கும்."

"எங்க இருக்கு போனெல்லாம்? பாஸ்வேர்ட் தெரிஞ்சதே எனக்கும் எங்கம்மாவுக்கும்தான்" என்றவள், தம்பி பக்கம் திரும்பினாள். "கண்ணாடி வேணும்னா ஒண்ணு சொல்லு. இந்த மனுஷனைச் சாட்சியா வச்சுக்கிட்டுச் சொல்லு. பெத்தவளை ஒரு நாள்கூட வந்து பார்க்கலைன்னு உன் வாயால சொல்லு."

நெட்காரர் கூரையைத் துளைப்பதை நிறுத்திவிட்டார். இந்த நேரத்தில் இறங்குவதா, மேலேயே இருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

தம்பி கண்ணாடியைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"ஆமாக்கா. நான் வந்து பார்க்கலை. நீதான் பார்த்துக்கிட்டே."

மூன்று வருஷமாக அவள் கேட்கத் தவித்த வார்த்தை. கேட்டால் வயிறு குளிரும் என்று நினைத்திருந்தாள். கசந்ததுதான் மிச்சம். கண்ணாடியை அவன் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

கூரையில் பச்சை விளக்கு எரிந்தது. நெட்காரர் விட்டால் போதும் என்று இறங்கி, தன் போனில் விரலை ஓட்டினார். நெற்றி சுருங்கியது.

"என்னுது போக மூணு ஏறியிருக்குன்னு காட்டுதே மேடம். உங்க போன் ஒண்ணு, லேப்டாப் ஒண்ணு. மூணாவது யாரோடது?"

"மாடி வீட்டுக்காரனா இருக்கும். எல்லாமே ஓசியில வேணும் அவனுக்கு. தூக்குங்க அதை."

"பாஸ்வேர்ட் தெரியாம உள்ள வர முடியாதே. இது முன்னாடியே உங்க நெட்ல இருந்த போன்." சுற்றும் முற்றும் பார்த்த நெட்காரர், கிளம்புமுன் தம்பி கையிலெடுத்த போனை எட்டிப் பார்த்தார். அதில் வைஃபை குறி தெரிந்தது. முகம் தெளிந்தது. "அட, நம்ம சார் போன்தான். அதான் தானா ஏறிடுச்சு."

"இவன் போனா?" அக்காவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நல்லாப் பார்த்தீங்க போங்க. இந்த வீட்டுக்கு நெட் போட்டதே அம்மா வந்தப்புறம்தான். அதுக்கப்புறம் இவன் இங்க எப்போ..."

மீதி வரவில்லை.

தம்பி போனை அவசரமாகச் சட்டைப்பையில் போட்டான். இன்னொரு கையில் அம்மாவின் கண்ணாடி இருந்தது. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை.

"நீ ஆபீஸ் கிளம்பினதும் அம்மா வான்னு கூப்பிடுவாங்கக்கா."