காலைக் காட்டு!

"எங்க, காலைக் காட்டு!"

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் காலுறையோடு உள்ளே வந்தாள் தையற்காரியின் மூத்த ஓரகத்தி. கணவன் காலமானபின் வெளியூரிலிருந்து வந்து, போன வருஷம்தான் பக்கத்து வீட்டில் குடியேறியவள்.

பட்டன் தைத்துக்கொண்டிருந்த தையற்காரி பல்லைக் கடித்தாள்.

"மத்தியானம்தானேக்கா பாத்தீங்க?"

"அது மத்தியானம். இது சாயங்காலம். நீட்டு."

உள்ளங்காலுக்கு அடியில் கைக்கண்ணாடியைப் பிடித்து, விரல் இடுக்கெல்லாம் துருவினாள் ஓரகத்தி. காணாமல்போன வைரக்கல்லைத் தேடுவது மாதிரி.

சர்க்கரை நோயில் தையற்காரிக்குக் கால் நரம்பு மரத்துப்போயிருந்தது. செருப்புக்குள் விழுந்த குண்டூசி குத்தியதுகூடத் தெரியாமல் நாள் முழுக்க நடந்திருக்கிறாள். புண் பழுத்தபோது, பெருவிரல் நிற்குமா என்று டாக்டரே உதட்டைப் பிதுக்கினார். விரல் போனால் தையல் மிஷினை மிதிப்பது எப்படி? அந்தக் கவலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அதான் மாத்திரை போடறேனே, போதாதா?"

"மாத்திரை சர்க்கரையைப் பாத்துக்கும். குண்டூசியை யாரு பாத்துக்குவா?"

அதோடு விட்டாளா? கட்டுப் போட நர்ஸிடம் இழுத்துப்போனாள். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றும் பயிற்சிக்குப் பிசியோதெரபிப் பெண்ணிடம் கூட்டிப்போனாள். புண் ஆறும்வரை மிஷினை மிதிக்கக் கூடாதென்று அதன்மேல் போர்வையைப் போட்டு மூடினாள்.

தையற்காரி கணவனிடம் பொரிந்தாள்.

"உங்க அண்ணி என் காலைக் குத்தகைக்கு எடுத்திருக்காங்களா? அவங்க மட்டும் வீட்டுக்குள்ளயும் காலுறை போட்டுக்கிட்டு மகாராணியாட்டம் நடக்கறாங்க. நான் வெறுங்காலை நீட்டிக்கிட்டு உக்காரணும்!"

"அண்ணியாச்சு, நீயாச்சு. என்னை விடு."

ஆனால் புண் ஆறியது.

"விரல் தப்பிச்சிடுச்சும்மா. மரத்தது முழுசா திரும்பாது, எரிச்சல் குறையும். இனிமே வெறுங்காலோட நடக்காதீங்க. மெத்துனு ஒரு ஜோடி ஷூ தச்சுக்குங்க" என்றார் டாக்டர். தையற்காரி கைகூப்பினாள்.

தனக்குத் தெரிந்த ஷூ கடைக்கு அழைத்துப்போனாள் ஓரகத்தி. கடைக்காரர் தையற்காரியின் காலை அளவெடுத்து முடித்தார். பிறகு ஓரகத்தியிடம் சாதாரணமாகக் கேட்டார்:

"உங்க ஷூவுலயும் முன்பக்கப் பஞ்சை மாத்திடட்டுமாம்மா? விரல் இல்லாத இடம், இந்நேரம் அமுங்கிப் போயிருக்குமே."

"அது... இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று அவசரமாக எழுந்தாள் ஓரகத்தி.

வீட்டுக்குள் வந்ததும் தையற்காரி கேட்டாள்.

"எப்பக்கா?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி. நானும் மாத்திரை போட்டாப் போதும்னுதான் இருந்தேன். பாத்துச் சொல்ல ஆளில்ல."

தையற்காரி ஓரகத்தியை நாற்காலியில் உட்காரவைத்தாள். கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கக்கா, இப்ப நீங்க காலைக் காட்டுங்க."